பிளொக்குக்குள் தங்கிய சேறு

“இஞ்ச என்ன பனியே கொட்டுது, கூலன்ற் விடுறதுக்கு?” வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோரக் கராஜ் எதிலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்கிறவர் சிரித்துக்கொண்டுதான் கேட்பார். பக்கத்தில் நிற்கிறவர் தலையாட்டுவார். கேள்வியில் பாதி நியாயம் இருப்பதுதான் தொல்லை. கூலன்ற் என்பது எஞ்சின் சூட்டை ஆற்ற றேடியேற்றருக்குள் விடுகிற திரவம். அதைப் போத்தலில் ‘அன்ரி ஃப்றீஸ்’ என்று அச்சடித்து விற்றால், உறையாமல் காக்கிற சாமான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வன்னியில் உறைவதற்கு ஐஸ் பெட்டியைத் தவிர வேறு இடமில்லை. ஆனால் அந்தத் திரவத்துக்கு இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. கொதிநிலையை உயர்த்துவது ஒன்று, இரும்பையும் அலுமினியத்தையும் ஈயப்பற்றையும் அரிக்க விடாமல் பார்ப்பது மற்றது. முதலாவது வேலை இங்கே தேவையில்லை என்பதற்காக மற்ற இரண்டையும் சேர்த்து வேண்டாம் என்று வெறும் தண்ணீரை விடுகிறோம். அதனால் வருகிற செலவு ஒரு நாளில் வருவதில்லை. ஐந்தாறு வருடம் கழித்து ஹெட் கஸ்கற் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கிற பிளொக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) என்ற பெயரில் வருகிறது. அப்போது யாரும் தண்ணீரை நினைப்பதில்லை.

இந்தப் பழக்கம் முட்டாள்தனத்தில் வந்ததல்ல. யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் எஞ்சினையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. காபுரேற்றருக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிய சனத்திடம் கூலன்ற் எங்கே என்று கேட்பது அநியாயம். கிணற்றுத் தண்ணீரை விட்டார்கள், வாகனம் ஓடியது. 2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்த பிறகும் கை பழகிய வழியிலேயே போனது. 2020இல் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் கிழட்டு டொல்பின் வானுக்கும் எல்ஃப் லொறிக்கும் ஆயுள் நீண்டது, உள்ளே கிடக்கும் சேற்றுக்கும் நீண்டது.

வன்னித் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வெளியே போகவேண்டாம். குசினியில் தினமும் தேத்தண்ணிக்குக் கொதிக்கிற கேத்தலின் அடியைப் பார்த்தால் போதும். நிலத்தடித் தண்ணீரில் கரைந்திருக்கிற கல்சியம் பைகாபனேற்று சூடானதும் பிரிந்து, கரையாத காபனேற்றாக அடியில் ஒட்டுகிறது. கேத்தலுக்கு நெருப்பு படுகிற இடம் எதுவோ, எஞ்சினுக்கு அது ஹெட்டுக்குள் வால்வைச் சுற்றி ஓடுகிற ஒடுங்கிய வழிகள். எங்கே சூடு கூடவோ அங்கேதான் கல் முதலில் படியும். அந்தப் படிவு வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கு மேல் மந்தமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே மீற்றர் முள் நடுவில் நிற்கும்போதே ஹெட்டின் ஒரு மூலை தனியாக வெந்துகொண்டிருக்கலாம். மீற்றர் காட்டுவது தண்ணீரின் சூட்டை, இரும்பின் சூட்டையல்ல. முல்லைத்தீவுக் கரையோர உவர்க்கிணறு என்றால் கதை இன்னும் மோசம்: உப்பு அலுமினியத்தில் ஊசித்துளை போடும்.

உழவு மெசினுக்கு வேறொரு வினை. வயலில் நின்று கொதித்தால் வாய்க்காலில் வாளியை விட்டு அள்ளி ஊற்றுவது வழக்கம். இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட மென்மையானதுதான், ஆனால் வண்டல் அதோடு வரும். அது றேடியேற்றரின் கீழ்த் தொட்டியில் போய்ப் படுத்துவிடும். வேறு வழியில்லாத நேரத்தில் சாரத்தை இரண்டாய் மடித்து வடித்து ஊற்றினால் பாதிப் பாவம் குறையும்.

போத்தலுக்குள் ஒரு இரவு

றேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்து, “மண்ணிறமாய் இருக்கு, கழுவி விடு” என்று சொல்வதில் ஒரு அவசரம் இருக்கிறது. ஊத்தை எதனால் வந்தது என்று தெரியாமல் கழுவினால் மூன்று மாதத்தில் அதே நிறம் திரும்பி வரும். எஞ்சின் நன்றாக ஆறிய காலையில், வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கால் லீற்றர் எடுத்து, அசையாத இடத்தில் ஒரு இரவு வைக்க வேண்டும். செலவில்லாத சோதனை, ஆனால் ஆயிரத்தில் ஒருவர்தான் செய்வார்.

அடியில் செம்பொடி படிந்து மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் அது துரு. வெறும் தண்ணீர் குடித்த இரும்பு. கறுத்த பொடியும் துருவின் இன்னொரு வடிவம்தான், ஒட்சிசன் குறைந்த இடத்தில் உண்டாவது. ஆனால் விரலில் மைபோல் ஒட்டினால் றப்பர் ஹோஸ் உள்ளே கரைகிறது. மேலே எண்ணெய்ப் படை மிதந்தாலோ, முழுவதும் பால்தேத்தண்ணி நிறத்தில் களியாகி நின்றாலோ, கழுவுகிற கதையை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். எஞ்சின் ஒயில் கலக்கிறது. ஹெட் கஸ்கற் என்று உடனே முடிவு கட்டவும் கூடாது, பல டீசல் எஞ்சின்களில் ஒயில் கூலர் வெடித்தும் இதே கோலம் வரும். ஓட்டோ கியர் வாகனத்தில் ரோஸ் நிறக் களி வந்தால் றேடியேற்றரின் தொட்டிக்குள் இருக்கிற கியர் ஒயில் கூலர்தான் முதல் சந்தேக நபர். அப்படியே ஓட்டினால் கியர்ப் பெட்டியும் போய்விடும். ஜெலி போலத் திரண்டிருந்தால் சேராத இரண்டு கூலன்றைக் கலந்திருக்கிறார்கள், அல்லது ஒழுக்கை அடைக்கிற மருந்து எதையோ ஊற்றியிருக்கிறார்கள். மஞ்சள் தூள் போட்டு ஒழுக்கு நிறுத்துகிற கைவைத்தியத்தைக் கேலி செய்யமாட்டேன், நடுக்காட்டில் அது வீடு கொண்டுவந்து சேர்க்கும். வீடு வந்த பிறகும் அதை உள்ளேயே விட்டுவைப்பதுதான் பிழை. ஒழுக்கின் ஓட்டைக்கும் றேடியேற்றர்க் குழாயின் ஓட்டைக்கும் மஞ்சளுக்கு வித்தியாசம் தெரியாது.

இதோடு ஒரு நிமிடச் சோதனை ஒன்றும் உண்டு. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்ராட் பண்ணினால் முதலில் சில குமிழி வரும், பிறகு அடங்க வேண்டும். அடங்காமல் நூல் பிடித்ததுபோல வந்துகொண்டே இருந்தால், அல்லது மூடி பூட்டி ஸ்ராட் பண்ணிய ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. அப்போது ஹெட்டைக் கழற்றுவதற்குமுன் கழுவுவது வீண் வேலை.

கராஜில் யாரும் கழற்றாத பிளக்

துருதான் என்று உறுதியாகிவிட்டதென்று வைப்போம். வழக்கமாக நடப்பது இது: றேடியேற்றரின் அடியில் இருக்கிற சிறிய திருகைத் திறக்கிறார்கள், மண்ணிறத் தண்ணீர் ஓடுகிறது, ஹோஸ் பைப்பை மேலே பிடிக்கிறார்கள், ஐந்து நிமிடத்தில் தெளிந்த தண்ணீர் வருகிறது, மூடிவிட்டுக் கூலன்ற் ஊற்றுகிறார்கள். இருபது நிமிட வேலை. வாகனக்காரருக்கும் சந்தோஷம். ஒரு கிழமையில் பார்த்தால் புதுக் கூலன்ற் பழைய நிறத்துக்குப் போயிருக்கும். “கூலன்ற் டூப்ளிக்கேற்” என்று கடைக்காரருக்குத் திட்டு விழும்.

கடைக்காரரில் பிழையில்லை. றேடியேற்றரைத் திறந்தால் போவது ஏறத்தாழப் பாதிதான். மீதி எஞ்சின் பிளொக்குக்குள், சிலிண்டர்களைச் சுற்றிய இடத்தில், ஆழமான கிடங்குபோல நிற்கிறது. எஞ்சின் சூடாகும்வரை றேடியேற்றருக்குப் போகிற வழியை மூடிவைக்கிற வால்வுதான் தேர்மோஸ்ரற். அது மூடியிருக்கிறபோது மேலே விடுகிற தண்ணீர் அங்கே போகவே போகாது. றேடியேற்றருக்குள் சுற்றி வெளியே ஓடும். தெளிந்த தண்ணீர் வந்ததென்றால் றேடியேற்றர் சுத்தம் என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை.

பிளொக்குக்கு என்று தனிப் பிளக் உண்டு. பக்கவாட்டில், கீழ்ப்பகுதியில், எக்சோஸ்ற் பக்கமோ ஸ்ராட்டர் மோட்டாருக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். பழைய வானில் அது கிரீசும் தூசியும் சேர்ந்து மூடிய ஒரு புடைப்பாகத்தான் தெரியும். கம்பித் தூரிகையால் சுரண்டினால்தான் தலை வெளிப்படும். பெரும்பாலும் பித்தளை. ஆகவே வாய் திறந்த ஸ்பனரால் இழுத்தால் மூலை மழுங்கிவிடும். அளவான ஆறுமூலைச் சொக்கெற் போட வேண்டும். முதல் நாள் பின்னேரம் துரு இளக்கும் ஒயில் அடித்து, இரவு ஊறவிட்டு, காலையில் சொக்கெற்றைப் போட்டு அதன் தலையில் சுத்தியலால் இரண்டு மெல்லிய தட்டு. முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம். அசையாவிட்டால் முரட்டுப்பலம் வேண்டாம்; முறிந்தால் துளைத்து எடுக்கிற வேலையாகிவிடும்.

பிளக் கழன்றதும் தண்ணீர் பாயும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். பல பழைய எஞ்சினில் ஒரு சொட்டும் வராது. வெறும் ஓட்டை. உள்ளே தண்ணீர் இல்லை என்று நினைத்துத் திரும்பப் பூட்டிவிட்டுப் போகிற இடம் இதுதான், வேலை முழுவதும் தீர்மானமாகிற இடமும் இதுதான். ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியை எடுத்து நுனியைச் சற்றே வளைத்து ஓட்டைக்குள் விட வேண்டும். அரை அங்குலம் போனதும் மெத்தென்று முட்டும். ஈரச் செங்கல்லைக் குத்துவதுபோல இருக்கும். விட்டுவிட்டுக் குத்தித் திருக, முதலில் தடித்த செந்நிறக் களி பற்பசை போலப் பிதுங்கும், பிறகு கட்டியும் செதிலுமாக விழும், அதன் பிறகுதான் தண்ணீர் ஒரு சத்தத்தோடு வெளியே அடிக்கும். கீழே வைத்த பேசினில் விழுவதைப் பார்த்த பிறகு யாரும் றேடியேற்றர் திருகை மட்டும் திறந்துவிட்டுக் கை கழுவமாட்டார்கள்.

அடுத்தது தேர்மோஸ்ரற்றைக் கழற்றி, மேல் ஹோஸை றேடியேற்றர்ப் பக்கம் இழுத்துவிட்டு, தண்ணீரை எதிர்த்திசையில் விடுவது. ஊத்தை ஓட்டத்தோடு போய் இறுகியிருக்கிறது. எதிர்த்து அடித்தால்தான் இளகும். பிளொக் பிளக் வழியே வருகிற தண்ணீர் தெளியும்வரை விட வேண்டும். கால் மணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். றேடியேற்றருக்கும் தனியாகக் கீழிருந்து மேலாக. ஜப்பானில் இருந்து வந்த வான்களில் பின் சீற்றுக்கும் ஹீற்றர் உண்டு. அதற்குத் தரைக்கடியால் இரும்புக் குழாய் போகிறது, துரு உற்பத்தி அங்கே தனியாக நடக்கும். இங்கே அந்த ஹீற்றரை யாரும் போடுவதில்லை. எஞ்சின் பக்கத்திலேயே இரண்டு வாயையும் ஒரு ஹோஸால் வளைத்து இணைத்துவிட்டால் ஒரு தலையிடி குறையும். முன் ஹீற்றரை விட்டுவையுங்கள். என்றைக்காவது கொதிக்கப் பார்த்தால், அதைத் திறந்துவிட்டு அடுத்த கராஜ் வரை போகலாம்.

புளியும் அசிட்டும்

துருவும் சுண்ணக்கல்லும் தண்ணீருக்கு முழுதாக அசையாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழப்புளி போடுகிற அதே நியாயம்தான் இங்கேயும். எஞ்சினுக்கு சிற்றிக் அசிட். பேக்கரிச் சாமான் விற்கிற கடையில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். இரும்பு பிளொக், செம்பு பித்தளை றேடியேற்றர் என்றால் லீற்றருக்கு 50 கிராம். ஒன்பது லீற்றர் பிடிக்கிற வானுக்கு 450 கிராம். வாளியில் சுடுதண்ணீரில் கரைத்து வடித்து ஊற்றி, முன்னால் காட்போட் அட்டை வைத்து மறைத்து, மீற்றரில் கண் வைத்தபடி சூடாக்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடவிட்டு, ஆறிய பிறகு பிளொக் பிளக் வழியாகவே இறக்க வேண்டும். அலுமினிய ஹெட்டோ அலுமினிய றேடியேற்றரோ இருந்தால் அளவைப் பாதியாக்கி அரை மணியோடு நிறுத்துவது நல்லது. கக்கூஸ் கழுவுகிற அசிட், கோஸ்ரிக் சோடா இரண்டையும் கிட்டவும் எடுக்க வேண்டாம். முதலாவது எல்லாவற்றையும் தின்னும், இரண்டாவது அலுமினியத்தைத் தனியாகத் தேடித் தின்னும். கழுவல் தண்ணீர் தெளிந்த பிறகு, கடைசியாக ஒரு தடவை இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்த தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஓட்டி இறக்கினால் மிச்ச அசிட் அடங்கும். அதையும் நன்றாக அலசிவிட வேண்டும்.

கழுவின பிறகு ஒழுகினால் அசிட்டைத் திட்டுவார்கள். உண்மையில் துரு அடைத்துவைத்திருந்த ஓட்டை இப்போது வெளியே தெரிகிறது. பிளொக்கின் பக்கத்தில் வட்டத் தகடாக இருக்கிற வெல்ஷ் பிளக், வோட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, றேடியேற்றர்த் தொட்டியின் ஈயப்பற்று, இந்த மூன்றையும் முதல் கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். கைகாட்டிப் பார்க்கும்போது றேடியேற்றர் முகத்தில் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் இன்னும் அடைபட்டே இருக்கின்றன. பித்தளை றேடியேற்றர் என்றால் ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பி விட்டுக் குத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். பிளாஸ்ரிக் தொட்டி வைத்த அலுமினியம் என்றால் மாற்றுவதுதான் மலிவு. அதற்குமுன் வெளிப்புறத்தையும் ஒருக்கால் பாருங்கள்: அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் நெற்சப்பியும் கிறவல் தூசியும் இலைத்தகட்டுக்குள் இறுகி நிற்கும். மெல்லிய அழுத்தத்தில், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போகும்.

இனித் தேர்மோஸ்ரற். சூடாகுது என்றால் இதைத்தான் முதலில் கழற்றி எறிகிறார்கள், “எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை” என்கிற அதே பழைய தர்க்கத்தில். கழற்றியதை எறியாமல் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பல எஞ்சின்களில் அதன் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல் வாய் திறக்கும்போது அது இறங்கி, றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கே திரும்புகிற வழியை மூடுகிறது. தேர்மோஸ்ரற் இல்லையென்றால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தபடி. சுடுதண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றரைக் காணாமலே சுற்றும். சூடு குறையக் கழற்றியது பாரம் இழுக்கும்போது சூட்டைக் கூட்டும். மற்ற நேரத்தில் எஞ்சின் குளிர்ந்தே ஓடி டீசலைக் குடிக்கும், சிலிண்டர் தேயும். நல்லதா கெட்டதா என்று பார்க்கக் குசினி போதும்: நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பேற்றினால், 82 என்று அடித்திருப்பது அந்தச் சூட்டுக்குக் கிட்ட வாய் திறக்கத் தொடங்கி, கொதிக்க முதல் முழுதாகத் திறக்க வேண்டும். சட்டியை விட்டு எடுத்ததும் ஆறி மூடவும் வேண்டும். பூட்டும்போது சிறிய ஆடுமணி இருக்கிற துளை மேல்பக்கம் வரவேண்டும். காற்று அதால்தான் போகும்.

திரும்ப நிரப்புதல்

இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. கழுவி இறக்கிய பிறகும் மூலை முடுக்கில் ஒன்றரை இரண்டு லீற்றர் தண்ணீர் நிற்கும். கலந்து விற்கிற கூலன்றை அதன்மேல் ஊற்றினால் பலம் நீர்த்துப்போகும். ஆகவே தண்ணீர் கலக்காத தனிக் கூலன்ற் வாங்குங்கள். உறைபனி இல்லாத எங்களுக்கு 50 வீதம் தேவையில்லை, 40 போதும். 33க்குக் கீழே போனால் துருத்தடுப்பு மருந்து காணாது. ஒன்பது லீற்றருக்கு 3.6 லீற்றர் கூலன்றை முதலில் முழுதாக ஊற்றிவிட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர். உள்ளே நின்ற தண்ணீரும் அந்த மிச்சத்துக்குள் அடங்கிவிடும்.

அந்தத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் செய்ததெல்லாம் பாழ். ஜப்பானியச் சிவப்புக் கூலன்றுகளில் பொஸ்பேற்று இருக்கும். அது வன்னிக் கல்சியத்தோடு சேர்ந்தால் புதுப் படிவு. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பொஸ்பேற்றைத் தவிர்ப்பதே அவர்களுடைய தண்ணீரும் கடினம் என்பதால்தான். பற்றரித் தண்ணீர் (அசிட்டல்ல, வடித்த தண்ணீர்) போத்தலில் கிடைக்கிறது. சிறுநீரக நோய்ப் பயத்தால் ஊர்களில் வைத்த ஆர்.ஓ. தண்ணீரும் நல்லது. மாரியில் முதல் இரண்டு மூன்று மழையை விட்டுவிட்டு, கூரை படாமல் பாத்திரத்தில் நேரே பிடித்த மழைத்தண்ணீரைவிட மலிவானது வேறில்லை. நிறத்தைப் பார்த்து கூலன்ற் வாங்க வேண்டாம்; பச்சை, சிவப்பு என்பது சாயம்தான், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. பச்சையாக வருகிற பழைய வகைக்கு இரண்டு வருட ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து, ஒரே வகையோடு நில்லுங்கள்.

மூடியையும் மாற்றுங்கள். அழுத்தம் 0.9 என்று அடித்த மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 பாகை அளவில்தான் கொதிக்கும். கூலன்ற் சேர்ந்தால் அது இன்னும் மேலே போகும். றப்பர் செத்த மூடி அத்தனையையும் பறித்துவிடும். எஞ்சின் ஆறியதும் மேல் ஹோஸ் சப்பளிந்து கிடந்தால் மூடியின் உள் வால்வு திறக்கவில்லை. கீழ் ஹோஸை அமத்திப் பாருங்கள்: சிலவற்றில் உள்ளே சுருள் கம்பி இருக்கும், துருப்பிடித்து உக்கியிருந்தால் வேகத்தில் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டும்.

முன் சில்லைச் சற்று உயர்த்தி, ஹீற்றரைத் திறந்து, மெதுவாக ஊற்றி, மூடி திறந்தபடி ஓடவிட்டு மேல் ஹோஸைப் பிசைந்து கொடுங்கள். தேர்மோஸ்ரற் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி மூடுங்கள். அடுத்த நாள் காலை, ஆறின பிறகு இன்னொரு முறை. துரு மிகுந்த எஞ்சினில் 500 கிலோமீற்றர் ஓடிய பின் போத்தலில் எடுத்துப் பார்த்து, மறுபடி கலங்கியிருந்தால் கூலன்றைப் போகவிட்டு இரண்டாம் முறை கழுவ வேண்டிவரும். அதனால் முதல் முறைக்கு விலைகூடிய கூலன்ற் வாங்காமலிருப்பது புத்தி.

இறக்கிய பழைய கூலன்றை வேலியோரம் ஊற்றாதீர்கள். அது இனிக்கும், நஞ்சு. ஆடும் நாயும் நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். கிணற்றடிக்கும் கிட்டக் கூடாது. மூடியுள்ள கானில் ஊற்றி, பழைய ஒயில் சேர்க்கிற கராஜில் கேட்டுக் கொடுங்கள். ஒயிலோடு கலக்க வேண்டாம்.

கலந்த கூலன்ற் ஒரு லீற்றர் சீற்றுக்குக் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்துகிற சாரதி, மட்டம் குறைந்ததைப் பார்த்துக் கடைக் கிணற்றில்தான் அள்ளுவார். சோடாப் போத்தலில் மட்டும் வைக்காதீர்கள். அந்தச் சிவப்பைப் பார்த்தால் வெயிலில் வந்த பிள்ளைக்குச் சர்பத் என்றுதான் தோன்றும்.